சைக்கிள் கேம்பிங்குக்கும் ட்ரெக்கிங்குக்கும் எடை குறைந்த டென்ட்: தேர்ந்தெடுக்கும் முழு வழிகாட்டி

எடை குறைந்த டென்ட் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் எடையில்தான் தொடங்குகிறார்கள். பட்டியலைக் கிராம் வரிசையில் அடுக்கி, மேலே வருவதை வாங்கிவிடுகிறார்கள். கம்பிகள் சைக்கிள் பையில் நுழையவில்லை, கால் நீட்டினால் துணியில் முட்டுகிறது, டென்டை இழுத்துக் கட்டத் தரையில் அடிக்கும் முளை இறங்காத இடத்தில் அது நிற்க மறுக்கிறது என்பதெல்லாம் பிறகுதான் தெரியவருகிறது.

இந்த வழிகாட்டியில் எடை ஒன்பதாவது படியாகத்தான் வருகிறது. அதற்கு முந்தைய ஒவ்வொரு படியும் உங்களுக்குப் பொருந்தாத டென்ட்களைக் கழித்துக்கொண்டே வரும். கடைசியில் மிஞ்சும் இரண்டு மூன்றுக்குள் எடையை ஒப்பிட்டால் போதும்.

1. வாங்கும் முன் எடுக்க வேண்டிய அளவுகள்

ஒரு அளவு நாடா, சமையலறைத் தராசு, ஒரு தாள். இவற்றோடு ஆரம்பியுங்கள்.

முதல் அளவு, நீங்கள் உட்கார்ந்திருக்கும் உயரம். தூங்கும் மெத்தையைக் காற்றடித்து விரித்து, அதன்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, தரையிலிருந்து உச்சந்தலை வரை அளந்துகொள்ளுங்கள். மெத்தை இல்லாமல் அளந்தால் 5 முதல் 8 செ.மீ. வரை ஏமாந்துவிடுவீர்கள். இன்றைய காற்று மெத்தைகளின் தடிமன் அவ்வளவு இருக்கிறது.

இரண்டாவது, மெத்தையின் நீள அகலம். சாதாரண மெத்தை 51 செ.மீ. அகலமும் 183 செ.மீ. நீளமும் இருக்கும். அகலமான வகை 64 செ.மீ., நீளமான வகை 196 செ.மீ. அட்டையில் போட்டிருப்பதை நம்பாமல் காற்றடித்த பிறகு அளந்துகொள்வது நல்லது.

மூன்றாவது, டென்ட் எங்கே உட்காரப் போகிறதோ அந்த இடம். சைக்கிள் என்றால் ஹேண்டில்பாரின் இரு பக்கத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஹேண்டில்பாருக்கும் முன் டயருக்கும் இடையே உள்ள உயரம், ஃபிரேமின் உள்முக்கோணம். நடைப்பயணம் என்றால் முதுகுப்பையின் உள் உயரமும் அகலமும். இந்த எண்களைத் தாளில் எழுதி வையுங்கள். இனி வரும் படிகளில் அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

2. எங்கே, எந்தக் காலத்தில் தூங்குவீர்கள்?

மழை, காற்று, பூச்சி, தரை. உங்கள் பயணங்களில் இந்த நான்கில் எது அதிகம் தொல்லை தருமோ அதை முதலில் எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே அளவில் சமாளிக்கும் லேசான டென்ட் கிடையாது. எடையைக் குறைக்க ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஒவ்வொரு டென்டையும் வடிவமைக்கிறார்கள். உங்களுக்குத் தேவைப்படாத ஒன்றை விட்டுக்கொடுத்த டென்டைக் கண்டுபிடிப்பதே வேலை.

மரங்களுக்கு நடுவே, கோடையிலும் மழைக்காலத்திலும் தங்குபவருக்கு முழுவதும் வலையால் ஆன உள் அறை (மழையைத் தடுக்கும் வெளி உறைக்குள் இருக்கும் தூங்கும் பகுதி) போதும். காற்று நன்றாகப் புழங்கும், பூச்சி வராது. திறந்த மேட்டிலோ மணற்பாங்கான இடத்திலோ தங்குபவர், உள் அறையின் கீழ்ப்பாதி துணியாக இருக்கும் டென்டைப் பார்க்க வேண்டும். வலை வழியாக மணலும் குளிர்காற்றும் நேராக முகத்துக்கு வரும்.

விற்பனைப் பெயர்களில் "3 பருவம்" என்பது பனிச்சுமை இல்லாத காலத்துக்கானது. "4 பருவம்" என்பது பனி குவிந்தாலும் பலத்த காற்று அடித்தாலும் தாங்கும்படி கட்டியது. அந்த வலுவுக்கான எடையும் அதில் இருக்கும், காற்றோட்டமும் குறைவாக இருக்கும். பனிமலைக்குப் போகாதவர் "எதற்கும் இருக்கட்டும்" என்று அதை வாங்கினால் சுமையும் புழுக்கமும்தான் மிச்சம்.

3. படுத்துப் பார்ப்பதற்குப் பதில் கணக்கு

"1 நபர்", "2 நபர்" என்பவற்றுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. ஒரு நிறுவனத்தின் 2 நபர் டென்டில் இருவர் தாராளமாகப் படுக்கலாம், இன்னொன்றில் ஒருவருக்குத்தான் வசதி. ஆகவே ஆள் எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டுத் தரையின் அளவைப் பாருங்கள்.

பெரும்பாலானோர் தவறவிடுவது கால்பக்க அகலத்தை. எடையைக் குறைக்கப் பல டென்ட்களில் தலைப்பக்கம் அகலமாகவும் கால்பக்கம் குறுகலாகவும் வெட்டுகிறார்கள். தலைப்பக்கம் 132 செ.மீ., கால்பக்கம் 107 செ.மீ. என்று இருக்கும் டென்டில் 64 செ.மீ. மெத்தைகள் இரண்டைப் போட்டால் தலைப்பக்கம் இடம் சரியாக இருக்கும், கால்பக்கம் 21 செ.மீ. இடிக்கும். ஒன்று மற்றொன்றின் மேல் ஏறிக்கொண்டு இரவெல்லாம் சரியும். கால்பக்கம் குறுகும் மெத்தை வைத்திருந்தால் பிரச்சினை தீரும். இல்லையென்றால் செவ்வகத் தரை கொண்ட டென்ட் வேண்டும்.

நீளத்துக்கு எளிய கணக்கு: உங்கள் உயரத்தோடு குறைந்தது 35 செ.மீ. கூட்டுங்கள். சுவர் சரிவாக இருப்பதால் தரை நீளம் முழுவதும் பயன்படாது. மெத்தையின் உயரத்தில், அதற்கு மேல் ஸ்லீப்பிங் பேக் பொங்கி நிற்கும் உயரத்தில், எவ்வளவு நீளம் மிஞ்சுகிறது என்பதுதான் உண்மையான அளவு. கால்பக்கம் ஸ்லீப்பிங் பேக் சுவரைத் தொட்டால் இரவில் படியும் ஈரம் அதன்மேல் ஏறிவிடும். இறகு நிரப்பிய பேக் என்றால் நனைந்த பகுதி சூடு தராது.

உயரத்தில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. விளம்பரத்தில் சொல்லும் உச்ச உயரம் ஒரே ஒரு புள்ளியில்தான் கிடைக்கும். அந்தப் புள்ளி உங்கள் தலை இருக்கும் இடத்திலா, நடுவிலா, வாசலுக்கு மேலேயா என்று படத்தில் பாருங்கள். 100 செ.மீ. உச்சம் உள்ள டென்டில்கூட நிமிர்ந்து உட்கார முடியாதவர்களைப் பார்த்திருக்கிறேன். உச்சம் அவர்கள் முழங்காலுக்கு மேலே இருந்தது.

தனியாகப் போகிறவர் 1 நபர் டென்டா, 2 நபர் டென்டா என்று குழம்புவது வழக்கம். ஒரே மாடலில் இரண்டு அளவுக்கும் எடை வித்தியாசம் பெரும்பாலும் 200 முதல் 300 கிராம்தான் இருக்கும். மழையில் நாள் முழுக்க உள்ளேயே கிடக்க வாய்ப்பு உண்டு என்றால், சைக்கிளில் போகிறவர் பெரியதையே எடுக்கலாம் என்பது என் கருத்து. பைகளை உள்ளே வைத்துக்கொள்ளவும் இடம் கிடைக்கும். முதுகில் சுமந்து நாள்தோறும் ஏறி இறங்குகிறவருக்கு 1 நபர் டென்ட் சரி.

4. எப்படி நிற்கிறது?

முடிவுகளில் இதுதான் முக்கியமானது. இதை அவசரப்பட்டுக் கடக்க வேண்டாம்.

தானாக நிற்கும் டென்டில் வளைந்த கம்பிகளே நான்கு மூலைகளையும் இழுத்துப் பிடிக்கும். முளை அடிக்காமலே வடிவம் வந்துவிடும். பாறை, மரப்பலகை, சிமெண்டுத் தரை என எங்கும் நிறுத்தலாம், தூக்கி நகர்த்தவும் முடியும். பிக் ஆக்னஸ் காப்பர் ஸ்பர், எம்.எஸ்.ஆர். ஹப்பா ஹப்பா இந்த வகை. கம்பி அதிகம் என்பதால் எடையும் அதிகம்.

பாதி தானாக நிற்கும் வகையில் தலைப்பக்க மூலைகளைக் கம்பி பிடிக்கும், கால்பக்க மூலைகளுக்கு முளை அடிக்க வேண்டும். பிக் ஆக்னஸ் டைகர் வால் ஓர் உதாரணம். எடை குறைகிறது, ஆனால் கால்பக்கம் இரண்டு முளைகளாவது இறங்கும் தரை வேண்டும்.

மூன்றாவது வகைக்குச் சொந்தக் கம்பியே கிடையாது. கையில் ஊன்றி நடக்கும் ட்ரெக்கிங் கோல்களை நட்டு, சுற்றிலும் கயிறு இழுத்து நிறுத்துவார்கள். டர்ஸ்டன் எக்ஸ்-மிட், இசட்பேக்ஸ் டுப்ளெக்ஸ் போன்றவை இப்படி. எப்படியும் கோல் ஊன்றி நடப்பவருக்கு இதைவிட லேசான ஏற்பாடு இல்லை, ஏனென்றால் கம்பியின் எடை ஏற்கெனவே கையில் இருக்கிறது.

சைக்கிள்காரர்கள் தடுக்கி விழும் இடமும் இதுதான். சைக்கிளில் போகும்போது ட்ரெக்கிங் கோல் ஏது? டென்டின் எடை 800 கிராம் என்று மகிழ்ந்து வாங்கிய பிறகு, அதை நிறுத்த மடக்குக் கம்பி தனியாக வாங்க வேண்டியிருக்கும். கார்பன் கம்பி என்றால் ஒன்று 100 கிராமுக்குள் அடங்கும், அலுமினியம் அதைவிடச் சற்று கூடும். இரண்டு கம்பி தேவைப்படும் மாடலுக்கு இரண்டையும் கூட்டிக்கொண்டு ஒப்பிடுங்கள். அப்போதும் லேசாக இருந்தால் தாராளமாக எடுக்கலாம். கம்பியின் நீளம் டென்ட் கேட்கும் உயரத்துக்குச் சரியாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இந்த வகை டென்ட்கள் பெரும்பாலும் 115 முதல் 135 செ.மீ. வரை கேட்கும்.

சைக்கிளையே தூணாக வைத்து டென்ட் கட்டும் முறையும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரவில் காற்றில் சைக்கிள் சாய்ந்தால் துணி கிழியும், காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போகவேண்டும் என்றால் வீட்டைக் கலைக்க வேண்டும்.

தானாக நிற்கும் டென்டுக்கு முளையே தேவையில்லை என்று எண்ணுவது புதியவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. உள்ளே ஆள் இல்லாத டென்டைக் காற்று உருட்டிக்கொண்டு போய்விடும். முளை அடித்த பிறகுதான் பைகளை எடுக்கத் திரும்ப வேண்டும். மேலும் பல டென்ட்களில் வாசல் பகுதியை இழுத்துக் கட்ட முளை கட்டாயம்.

மழையில் எதை முதலில் நிறுத்தலாம் என்பதையும் இதே படியில் பார்த்துவிடுங்கள். வலை அறையை முதலில் நிறுத்தி, மேலே வெளி உறையைப் போர்த்தும் டென்டில், அந்த இடைவெளியில் தரை நனையும். ஹில்லெபெர்க் டென்ட்களில் உள் அறை வெளி உறையோடு கோத்தபடியே இருப்பதால் இரண்டும் சேர்ந்து எழும்பும். டர்ஸ்டன் எக்ஸ்-மிட்டில் வெளி உறையை முதலில் நிறுத்தி, அதன் அடியில் நனையாமல் உள் அறையை மாட்டலாம். மழை அதிகம் பார்க்கும் பாதைகளில் போகிறவருக்கு இந்த ஒரு வசதிக்காகவே 100 கிராம் கூடுதலாகச் சுமக்கலாம்.

5. மடித்தால் எங்கே வைப்பீர்கள்?

முதல் படியில் எழுதிய மூன்றாவது அளவை எடுங்கள்.

சாதாரண டென்ட் கம்பிகள் மடித்தால் 45 முதல் 50 செ.மீ. வரை நீளம் இருக்கும். முதுகுப்பையில் நிமிர்த்திச் செருகினால் பிரச்சினையே இல்லை. ஆனால் 44 செ.மீ. அகலமுள்ள வளைந்த ஹேண்டில்பாரில் உள்ளே கிடைக்கும் இடம் அதைவிடக் குறைவு. பிரேக் பிடிகளும் கேபிள்களும் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். இதற்காகவே சுமார் 30 செ.மீ. துண்டுகளாக மடியும் கம்பியோடு சைக்கிள் பதிப்புகளைச் சில நிறுவனங்கள் விற்கின்றன. துண்டு அதிகம் என்பதால் இணைப்பும் அதிகம், எடை சற்றுக் கூடும். நேரான ஹேண்டில்பார் வைத்திருப்பவருக்கு இது தேவைப்படாமல் போகலாம், அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

நீளமான கம்பியே இருந்தாலும் வழி உண்டு. டென்டைக் கொடுத்த உறையிலேயே முழுதாக வைக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. துணியை ஹேண்டில்பார் பையிலும், கம்பியை ஃபிரேம் பையிலோ பின் கேரியரிலோ, முளைகளைத் தனிச் சிறு பையிலும் பிரித்து வைக்கலாம். ஈரமான வெளி உறையை உள் அறையிலிருந்து பிரித்து வைப்பதற்கும் இது உதவும். ஒரே உறையில் திணித்தால் காலையில் நனைந்த உறை மாலைக்குள் வலையையும் தரையையும் நனைத்துவிடும்.

ஹேண்டில்பாரில் கட்டிய பிறகு முன் டயருக்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று பாருங்கள். சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள் என்றால் அது முழுவதும் அழுந்தும்போது மிஞ்சும் இடம்தான் கணக்கு. இறக்கத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது டயர் பையைத் தொட்டால் துணி தேய்ந்து ஓட்டை விழும், சக்கரமும் மாட்டிக்கொள்ளலாம்.

சைக்கிளுக்கே உரிய இன்னொரு ஆபத்து, அதிர்வு. முதுகுப்பையில் துணி அசையாமல் கிடக்கும். சைக்கிளில் நாள் முழுக்கச் சிறு சிறு உரசல் நடந்துகொண்டே இருக்கும். கம்பியின் முனை, முளையின் நுனி, இரண்டும் மெல்லிய துணியோடு ஒரே பையில் இருந்தால் ஊசித்துளைகள் விழும். அதனால்தான் முளைகளைத் தனியாக வைக்கச் சொல்கிறேன்.

6. ஒரு சுவரா, இரண்டு சுவரா?

இரவில் மூச்சிலும் தோலிலும் ஒருவரிடமிருந்து சில நூறு மில்லிலிட்டர் நீர் ஆவியாக வெளியேறும். வெளி உறை இரவில் குளிர்ந்ததும் அந்த ஆவி அதன் உட்பக்கம் நீர்த்துளியாகப் படியும். இதை மழை ஒழுகுவதாக எண்ணி டென்டைக் குறை சொல்பவர்கள் நிறைய. வானம் தெளிவாக இருந்த இரவுக்குப் பிறகும் உட்பக்கம் நனைந்திருந்தால் அது ஒழுகல் இல்லை, நீங்கள் விட்ட மூச்சுதான்.

இரண்டு சுவர் டென்டில், அதாவது வெளி உறையும் உள் அறையும் தனித்தனியாக இருப்பதில், அந்தத் துளிகளுக்கும் உங்களுக்கும் இடையே வலை இருக்கிறது. வெளி உறை மட்டுமே உள்ள ஒரு சுவர் டென்டில் அந்தத் தடுப்பு இல்லை, அசையும்போது தோளும் ஸ்லீப்பிங் பேக்கும் நனையும். எடை மட்டும் கணிசமாகக் குறையும்.

வறண்ட, காற்றோட்டமான இடங்களில் தங்குபவருக்கு ஒரு சுவர் போதும். ஈரப்பதம் மிகுந்த இடங்களில் போகிறவர், குறிப்பாக முதல் டென்ட் வாங்குகிறவர், இரண்டு சுவரை எடுப்பதே நல்லது. எதுவாயினும் உச்சியில் ஒரு காற்றுத்துளையும் கீழே ஒரு திறப்பும் இருக்கிறதா பாருங்கள். ஈரக்காற்று மேலே வெளியேறக் கீழிருந்து உலர்காற்று வந்தாக வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் பயன் குறைவு.

டென்ட் போடும் இடமும் இதில் பாதி வேலை செய்யும். பள்ளத்திலும் நீர்நிலையின் கரையிலும் குளிர்ந்த ஈரக்காற்று தேங்கும். கொஞ்சம் மேடேறி மரத்தடியில் போட்டால் துளி படிவது வெகுவாகக் குறையும்.

7. துணியை எப்படிப் படிப்பது?

விவரப்பட்டியலில் "15 டெனியர்", "20 டெனியர்" என்று இருக்கும். 9000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுவே டெனியர். 20 டெனியர் என்றால் 9000 மீட்டர் நூல் 20 கிராம்தான். எண் குறையக் குறைய நூல் மெலிசு. வெளி உறைக்கு 15 முதல் 20 டெனியர் லேசான டென்ட்களில் நடைமுறைக்கு ஏற்றது. 7, 10 என்று இறங்கினால் முள்ளுக்கும் உரசலுக்கும் பயந்தபடியே இருக்க வேண்டும். தரைத்துணி அதைவிடத் தடிப்பாக, 20 முதல் 30 வரை இருந்தால் நிம்மதி.

அடுத்து நூலின் வகை. நைலான் அதே எடையில் அதிகக் கிழிவலு தரும், ஆனால் ஈரத்தை உறிஞ்சி நீளும். மாலையில் விறைப்பாகக் கட்டிய உறை நள்ளிரவு மழையில் தொய்ந்து உள் அறையைத் தொடும். ஆகவே நைலான் டென்டில் தூங்கப் போகுமுன் கயிறுகளை ஒருமுறை மீண்டும் இழுத்துவிட வேண்டும். பாலியஸ்டர் அவ்வளவு தொய்யாது, வெயிலின் புற ஊதாக் கதிரையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும்.

மூன்றாவது, டைனீமா கலவைத் துணி. பாலிஎத்திலீன் இழைகளைப் பாலியஸ்டர் படலங்களுக்கு நடுவே வைத்து ஒட்டியது. நீரை உறிஞ்சாது, தொய்யாது, மிக லேசு. விலை மிக அதிகம். நைலானைப்போல் சுருட்டித் திணித்தால் அடங்காது, இடத்தை அடைத்துக்கொள்ளும். உரசலையும் வெப்பத்தையும் அவ்வளவாகத் தாங்காது. சைக்கிளில் இடமும் உரசலும்தான் பிரச்சினை என்பதால், இந்தத் துணி நடப்பவருக்கே அதிகம் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

நீர்தாங்கும் திறனை மில்லிமீட்டரில் சொல்வார்கள். துணியின்மேல் எவ்வளவு உயரத்துக்கு நீரை நிறுத்தினால் கசியத் தொடங்கும் என்ற அளவு அது. வெளி உறைக்கு 1200 முதல் 1500 மி.மீ. போதும். தரைக்கு இன்னும் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் ஈரத்தரையில் முழங்காலை ஊன்றும்போது அந்தச் சிறு இடத்தில் அழுத்தம் மிகும்.

அந்த எண்ணை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. பாலியூரித்தேன் பூச்சு புதிதில் பெரிய எண்ணைக் காட்டும், ஈரத்தோடு மடித்து வைத்தால் நாளடைவில் சிதைந்து பிசுபிசுத்து நாற்றமடிக்கும். இரு பக்கமும் சிலிக்கான் பூசிய துணி காட்டும் எண் சிறிதாக இருந்தாலும் நீண்டநாள் உழைக்கும். ஆனால் சிலிக்கானின்மேல் தையல் நாடா ஒட்டாது. அப்படிப்பட்ட டென்டில் தையல்களை ஏற்கெனவே அடைத்திருக்கிறார்களா, நீங்களே பூச வேண்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்களே பூசுவதென்றால் சிலிக்கான் பசைதான் வேண்டும், வேறு பசை உரிந்துவிடும்.

8. வாசல்

பக்கவாட்டில் வாசல் இருந்தால் உட்கார்ந்தபடியே காலை வெளியே வைத்துச் செருப்பு மாட்டலாம். தலைப்பக்க வாசல் என்றால் தவழ்ந்துதான் வெளியேற வேண்டும், ஆனால் டென்ட் லேசாகும். இருவர் படுக்கும் டென்டுக்கு இரண்டு வாசல் இருந்தால் நடுஇரவில் ஒருவர் மற்றவரைத் தாண்ட வேண்டியதில்லை.

வாசலைத் திறந்தால் மழை நேராக உள்ளே விழுகிறதா என்பது படங்களில் தெரியும். வெளி உறையின் வாசல் சரிவு உள் தரைக்கு மேலேயே இருந்தால் விழும். அதற்கு வெளியே இருந்தால் விழாது.

வாசலுக்கும் உள் அறைக்கும் நடுவே உள்ள மூடிய பகுதியில் சைக்கிள் பைகள் எத்தனை வைக்க முடியும் என்று பாருங்கள். நான்கு பைகளோடு போகிறவருக்கு ஒரு நபர் டென்டின் முன்பகுதி போதாது. அங்கே அடுப்பு மட்டும் வேண்டாம். இந்தத் துணிகள் சட்டென உருகி எரிபவை. மூடிய இடத்தில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

9. இப்போது எடை

ஒரே டென்டுக்கு இரண்டு எடைகள் போட்டிருப்பார்கள். குறைந்தபட்ச எடை என்பது உள் அறை, வெளி உறை, கம்பி மட்டும். மொத்த எடையில் முளை, கயிறு, உறைப்பைகள், உடைந்த கம்பியின்மேல் மாட்டும் பழுதுபார்க்கும் குழாய் எல்லாம் அடங்கும். ஒரு டென்டின் குறைந்தபட்ச எடையை இன்னொன்றின் மொத்த எடையோடு ஒப்பிட்டு முடிவெடுப்பவர்கள் ஏராளம். எப்போதும் மொத்த எடையை மொத்த எடையோடு ஒப்பிடுங்கள்.

அதோடு நீங்கள் கட்டாயம் சேர்க்கப்போவதையும் கூட்டுங்கள்: தனி மடக்குக் கம்பி, டென்டுக்கு அடியில் போடும் தரைவிரிப்பு, கூடுதல் முளை. அவுன்ஸில் கொடுத்திருந்தால் ஓர் அவுன்ஸ் 28 கிராம், ஒரு பவுண்டு 454 கிராம் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒருவருக்கான இரண்டு சுவர் டென்ட், சொந்தக் கம்பியோடு, 900 கிராமிலிருந்து 1.3 கிலோ வரை இருந்தால் லேசானதுதான். ட்ரெக்கிங் கோல் வகை 500 முதல் 900 கிராம். இருவருக்கு 1.2 முதல் 1.7 கிலோ வரை, அதை இருவரும் பிரித்துச் சுமக்கலாம். சமதளத்தில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு 200 கிராம் கூடுதல் தெரியாது, அவருக்குப் பை அடங்குவதே பெரிது. முதுகில் சுமப்பவருக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மலையேறுகிறவருக்கும் அது தெரியும்.

10. முளையும் கயிறும் கம்பியும்

டென்டோடு வரும் முளைகள் பெரும்பாலும் எடைக்கணக்கைக் காட்டவே தேர்ந்தெடுத்தவை. குச்சிபோல் மெல்லிய டைட்டானியம் முளை ஒன்று 6 கிராம் இருக்கும், இறுகிய தரையில் நன்றாக நிற்கும், இளகிய மண்ணில் வழுக்கி வெளியே வரும். மூன்று விளிம்புள்ள அலுமினிய முளை சுமார் 14 கிராம், பலவகை மண்ணில் பிடிக்கும். காற்றை எதிர்கொள்ளும் மூலைகளுக்கு மட்டும் இவற்றை மாற்றினால் எடை அதிகம் ஏறாது. ட்ரெக்கிங் கோல் டென்டில் ஒரு முளை பிடுங்கினாலே முழு டென்டும் சரியும் என்பதால் அங்கே முளையில் சிக்கனம் வேண்டாம்.

முளை இறங்காத பாறையில் கயிற்றை ஒரு சிறு கல்லிலோ குச்சியிலோ கட்டி, அதற்கு முன்னால், டென்ட் பக்கமாக, ஒரு பெரிய கல்லை வையுங்கள். சிறு கல் பெரிய கல்லில் போய் மாட்டிக்கொள்ளும். பெரிய கல்லிலேயே கயிற்றைக் கட்டினால் உரசி அறுந்துவிடும்.

அலுமினியக் கம்பி வளையும், கார்பன் கம்பி முறியும். இரண்டுக்கும் பழுதுபார்க்கும் குழாயும் கொஞ்சம் ஒட்டுநாடாவும் பையில் இருக்க வேண்டும். கம்பியை உதறி, தானாகச் சேரட்டும் என்று விடாதீர்கள். ஒவ்வொரு துண்டையும் கையால் முழுதாகச் செருகுங்கள். அரைகுறையாகச் செருகிய துண்டு வளையும்போது விளிம்பில் வெடிக்கும். மடிக்கும்போது நடுவிலிருந்து தொடங்கினால் உள்ளே உள்ள ரப்பர் கயிறு இரு பக்கமும் சமமாக நீளும்.

11. வந்ததும் வீட்டில் சோதியுங்கள்

திருப்பி அனுப்பும் கெடு முடியுமுன் இதைச் செய்யுங்கள். முதலில் எல்லாவற்றையும் தராசில் வைத்து மொத்த எடையைப் பாருங்கள். பிறகு சுத்தமான இடத்தில் நிறுத்தி, மெத்தையைக் காற்றடித்துப் போட்டு, ஸ்லீப்பிங் பேக்குக்குள் நுழைந்து படுங்கள். தலையும் காலும் எங்காவது தொடுகிறதா? உட்கார்ந்தால் நிமிர முடிகிறதா? ஜிப் திருப்பத்தில் துணியைக் கடிக்கிறதா? சைக்கிள்காரர் அதை மடித்து சைக்கிளிலும் கட்டிப் பார்த்துவிட வேண்டும். இந்தக் கட்டத்தில் பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் திருப்பிவிடுங்கள்.

வைத்துக்கொள்வது என்று முடிவானதும் தண்ணீர்க் குழாயால் எல்லாத் தையல்களிலும் மேலிருந்து நீர் பாய்ச்சுங்கள். உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்து எங்கே துளிர்க்கிறது என்று பார்த்து அந்த இடத்தைப் பசையால் அடையுங்கள். பிறகு இருட்டிய பின் நெற்றிவிளக்கோடு ஒருமுறை தனியாக நிறுத்திப் பாருங்கள். முதல் இரவு முகாமுக்குப் பெரும்பாலும் தாமதமாகத்தான் போய்ச்சேர்வோம், அப்போது எந்த மூலை எது என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தரைவிரிப்பு போடுவதாக இருந்தால் அது டென்டின் தரையைவிட எல்லாப் பக்கமும் கொஞ்சம் சிறிதாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை வாங்கி டென்டுக்கு அடியில் சேர்க்கும்.

12. பழைய டென்ட் வாங்கினால்

விரித்து, மோந்து பாருங்கள். பூச்சு சிதைந்திருந்தால் புளித்த வாடை அடிக்கும், துணி விரலில் ஒட்டும். அதைச் சரிசெய்ய முயல வேண்டாம், விட்டுவிடுங்கள். வெளி உறையின் உச்சி நிறம் வெளிறியிருந்தால் அந்த இடத்தை இரு கையாலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். வெயிலில் நைந்த துணி எளிதில் கிழியும். ரப்பர் கயிறு தொய்ந்திருப்பதோ முளை குறைவதோ பெரிய குறை இல்லை, மாற்றிவிடலாம்.

13. பயணம் முடிந்ததும்

ஈரமாக மடித்த டென்டை வீட்டுக்கு வந்த அன்றே விரித்து நிழலில் உலர்த்துங்கள். வெயில் வேகமாக உலர்த்தும், ஆனால் துணியை நைத்துவிடும். தரையின் மூலைகளிலும் ஜிப் ஓரங்களிலும் மணல் தங்கியிருக்கும், உதறி ஈரத்துணியால் துடையுங்கள். சோப்புத்தூள் போட்டுத் துவைக்க வேண்டாம், வாஷிங் மெஷினும் வேண்டாம். நன்றாக உலர்ந்த பிறகு அதன் இறுக்கமான உறையில் திணிக்காமல், காற்றுப் போகும் பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டு, சூடும் ஈரமும் இல்லாத இடத்தில் வையுங்கள். முளைகளை அப்போதே எண்ணி, குறைந்ததை வாங்கிப் போட்டுவிடுங்கள்.